பழைய ஐ7-2600 சிஸ்டமா, புது ஐ3-12100 சிஸ்டமா? பெஞ்ச்மார்க் நம்பர்களில் எதை நம்புவது?

கேள்வியின் சுருக்கம் இது. (பெஞ்ச்மார்க் என்பது சிப்பை ஓடவிட்டு அதன் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சோதனை.) மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பி, வீட்டில் வைத்தே ஆல்பம் டிசைனும் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்ய டெஸ்க்டாப் தேடுகிறார். நாகர்கோவிலில் ஒரு கடையில் இன்டெல் கோர் ஐ7-2600 சிப் போட்ட பழைய சிஸ்டத்தை 11 ஆயிரத்துக்குத் தருகிறார்களாம். ஐ3-12100 போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்தால், மானிட்டர் இல்லாமலே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. "ஐ7தானே பெரிசு? பெஞ்ச்மார்க் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நம்பர் இருக்கு, எதை நம்ப?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வீடியோ எடிட்டிங் உண்டு என்றால் ஐ3 வாங்குங்க. ஆல்பமும் பில்லும் மட்டும்தான் என்றால் பதில் கொஞ்சம் மாறும், அதைக் கீழே சொல்கிறேன்.

தக்கலையில் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகினது. "இது ஐ7 ஆக்கும் சார்" என்ற ஒரே வார்த்தையில் பழைய சரக்கு எத்தனையோ கை மாறுகிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக்கு உள்ளே இருக்கும் வரிசை மட்டும்தான். 2600-ல் முதலில் நிற்கும் 2 இரண்டாம் தலைமுறையைக் குறிக்கும், 12100-ல் நிற்கும் 12 பன்னிரண்டாம் தலைமுறையை. முன்னது 2011 ஜனவரியில் கடைக்கு வந்தது, பின்னது 2022 ஜனவரியில். நடுவில் 11 வருஷம் கிடக்கிறது.

நீங்கள் கேட்ட இந்த ஜோடி ஒப்பிடுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டிலும் 4 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் மூளைகள்), 8 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). ஐ7-2600 அதிகபட்சம் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ஐ3-12100 4.3 வரை. கடிகார வேகத்தில் வித்தியாசம் 13 சதவீதம்தான். ஆனால் பாஸ்மார்க் என்ற பெஞ்ச்மார்க்கில் சிங்கிள் த்ரெட் (ஒரே ஒரு கோரை ஓட்டிப் பார்க்கும்) மதிப்பெண்ணைப் பாருங்க: பழையது 1,700-ஐ ஒட்டி நிற்கும், புதியது 3,400-ஐத் தொடும். மொத்த மதிப்பெண் பழையதுக்கு 5 ஆயிரத்துச் சொச்சம், புதியதுக்கு 13 ஆயிரத்துக்கு மேல். கோரும் கூடவில்லை, வேகமும் பெரிதாகக் கூடவில்லை, ஒரு கோர் செய்யும் வேலை மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது? ஐ7-2600-ன் கோர் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு 4 கட்டளைகள் வரை பிரித்து எடுக்கும். ஐ3-12100-ன் கோர் 6 வரை. அதைவிடப் பெரிய மாற்றம், முடிக்காத கட்டளைகள் எத்தனையை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்க முடியும் என்பதில் நடந்தது. பழையதில் 168, புதியதில் 512. ரேமிலிருந்து ஒரு டேட்டா வரத் தாமதமானால், கையில் உள்ள மற்ற கட்டளைகளில் எதை முடிக்கலாம் என்று கோர் தேடும். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வரவில்லை என்று விளம்புகிறவர் சும்மா நிற்பதில்லையே, அடுத்த இலைகளுக்கு அவியலும் துவரனும் வைத்துக்கொண்டே போவார், அதே கதைதான். கையில் 512 இருந்தால் சும்மா நிற்கும் நேரம் குறையும். கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) 8 எம்பியிலிருந்து 12 எம்பி ஆனதும், டிடிஆர்3-1333 ரேம் போய் டிடிஆர்4-3200 வந்ததும் மீதியைச் செய்தன.

கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாறுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 2004-ல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. 2006-ல் வந்த கோர் 2 டியோவில் 1.86 கிகாஹெர்ட்ஸ் மாடலே பெரும்பாலான வேலைகளில் அதைத் தாண்டிவிட்டது. கோர் எண்ணிக்கையிலும் அப்படி ஒரு கூத்து உண்டு. 2012-ல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350-க்கு 8 கோர், 4 கிகாஹெர்ட்ஸ். இரண்டிரண்டு கோராகச் சேர்ந்து சில உறுப்புகளைப் பங்கு போடும் அமைப்பு அது. எட்டும் சேர்ந்து உழைத்தால் ஐ7-2600-க்கு ஈடாக வரும், தனியாக ஒரு கோரை விட்டால் பின்தங்கும். அந்த வரிசையை '8 கோர்' என்று விளம்பரப்படுத்தியது சரியா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019-ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இன்றும் பழைய மார்க்கெட்டில் அந்தச் சிப் "எட்டு கோர் சார்" என்று வரும். தொடாதீங்க.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம். பழைய கட்டுரைகளையும் யூடியூப் வீடியோக்களையும் தோண்டினால் ஐ7-2600-க்கு பாஸ்மார்க் 8 ஆயிரத்துக்கு மேல் என்று இருக்கும். இப்போது பார்த்தால் 5 ஆயிரத்துச் சொச்சம். சிப் தேய்ந்துபோகவில்லை. 2020-ல் பாஸ்மார்க் 10-ஆம் பதிப்பு வந்தபோது சோதனைகளையே மாற்றினார்கள், எல்லாச் சிப்புக்கும் நம்பர் மாறியது. பழைய வீடியோவில் பார்த்த 8 ஆயிரத்தையும் இன்றைய 13 ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்து, 'ஒன்றரை மடங்குதானே, இதுக்குப்போய் இவ்வளவு காசா' என்று கணக்குப் போட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள்.

மற்ற பெஞ்ச்மார்க்குகளும் அப்படியே. சினிபெஞ்ச் ஆர்15, ஆர்20, ஆர்23, 2024 என்று நாலு பதிப்பிலும் நாலு அளவுகோல். கீக்பெஞ்ச் 5-ல் ஐ3-8100-க்கு 1,000 என்று வைத்து மற்றதையெல்லாம் அளந்தார்கள்; கீக்பெஞ்ச் 6-ல் ஐ7-12700-க்கு 2,500 என்று வைத்தார்கள். போதாததற்கு 6-ல் மல்டி கோர் சோதனையின் போக்கே வேறு. முன்பு ஒவ்வொரு கோரும் தனித்தனியாக ஒரு வேலையைச் செய்தது, இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைப் பங்கு போடுகின்றன. அதனால் கோர் கூடக்கூட மதிப்பெண் முன்போல ஏறாது. ஒரே சோதனை, ஒரே பதிப்பு, இது இல்லாமல் இரண்டு நம்பரைப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

பாஸ்மார்க் நம்பர் என்பது உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் சிஸ்டத்தில் ஓட்டி அனுப்பியதன் சராசரி என்பதையும் மனதில் வையுங்கள். ஒற்றை ரேம் போட்டவனும் அதில் உண்டு, ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டியவனும் உண்டு. ஐந்து பத்து சதவீத வித்தியாசத்துக்கு மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டு மடங்கு என்றால் மட்டும் காசைப் பற்றி யோசிக்கலாம்.

சிங்கிள் த்ரெட், மல்டி த்ரெட் இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது சிங்கிள். போட்டோஷாப்பில் பிரஷ் ஓடுவது, ஆல்பத்தில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது, பிரவுசரில் பேஜ் திறப்பது, டேலியில் என்ட்ரி போடுவது, எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரிலேயே நடக்கிற வேலை. மவுசை அமுக்கினதும் பதில் வருகிறதா இல்லையா என்கிற எரிச்சல் அந்த நம்பரோடு கட்டப்பட்டது. மல்டி நம்பர் எக்ஸ்போர்ட் போடும்போது பேசும். ஆனால் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு நீங்கள் சாயா குடிக்கப் போய்விடலாம்.

இதுவரை சொன்னது நம்பரில் தெரிகிற விஷயம். உங்கள் தொழிலில் காலை வாருவது நம்பரில் தெரியாத ஒன்று. கருங்கல் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஐ7-4770 சிஸ்டம் வைத்திருந்தார். ஆல்பத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. புது கேமரா வாங்கி 4கே, 10-பிட், 4:2:2 எச்.265-ல் (நிற விவரம் கூடுதலாக, ஆனால் நெருக்கிச் சுருக்கிப் பதியும் வீடியோ வடிவம்) ஒரு கோவில் கல்யாணத்தை எடுத்துவந்து டைம்லைனில் போட்டதும் கதை மாறியது. பிளே அமுக்கினால் மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்குகிறார், கை அங்கேயே நிற்கிறது, கெட்டிமேளம் மட்டும் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எட்டு கட்டமும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. "வைரஸ் ஏதும் கேறியிருக்குமோ?" என்று கேட்டார். வைரஸ் இல்லை. அந்த வீடியோவைப் பிரிக்கத் தனி உறுப்பு அந்தச் சிப்பில் கிடையாது, எல்லாப் பாரத்தையும் கோர்கள் தலையில் ஏற்றிவிட்டது.

இந்த உறுப்புக்கு இன்டெல் வைத்த பெயர் குவிக் சிங்க். அது தொடங்கியதே உங்கள் ஐ7-2600 காலத்தில்தான், ஆனால் அன்று எச்.264 போன்ற பழைய வீடியோ வடிவங்கள் மட்டும். 2015-ல் ஆறாம் தலைமுறையில் 8-பிட் எச்.265 வந்தது, ஏழாம் தலைமுறையில் 10-பிட் எச்.265-ம் யூடியூப் பயன்படுத்தும் விபி9-ம் முழுமையாக வந்தன. 4:2:2 10-பிட் எச்.265-ம் ஏவி1 என்ற புதிய வடிவமும் டெஸ்க்டாப் சிப்களில் பதினோராம் தலைமுறையிலிருந்துதான். என்விடியா கார்டுகளில்கூட 4:2:2-ஐப் பிரிக்கும் வசதி 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதாவது கல்யாண வீடியோவுக்கு, கிராஃபிக்ஸ் கார்டே போடாத ஐ3-12100 சில கார்டுகள் செய்யாததைச் செய்யும். அண்ணாச்சியின் அதே கிளிப்பை கடையில் இருந்த 12100-ல் போட்டேன். தாலி கட்டி முடிந்து குலவைச் சத்தம் வரைக்கும் கை எங்கும் நிற்கவில்லை. பாஸ்மார்க்கின் சிபியு மதிப்பெண்ணில் இதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

அதனால் ஒன்று: 12100எஃப் என்று கடைசியில் எஃப் போட்டது மலிவாகக் கிடைக்கும். அதில் உள்கிராஃபிக்ஸ் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. திருவனந்தபுரம் போய் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் அந்த எழுத்தைப் பாருங்க.

பழையதின் பக்கம் நின்றும் பேச வேண்டும். ஹார்ட் டிஸ்க்கோடு இருக்கும் ஐ7-2600-ல் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால், கடை பில்லுக்கும் ஈ-சேவை வேலைக்கும் அது இன்றும் கொள்ளாம். பூட் ஆகும் வேகத்தைப் பார்த்து 'புது சிப் போட்டீங்களா' என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஜிஎஸ்டியும் பேங்கும் பார்க்கிற மெஷினில் அப்டேட் இல்லாமல் ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்; ஆனால் நீங்கள் போட்டோஷாப்காரர். 2018-ல் வெளியே வந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போட்ட ஒட்டு வேறு, நாலாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான சிப்களைத்தான் அதிகம் மந்தமாக்கியது. 2011-ல் எழுதிய ரிவ்யூவில் உள்ள வேகம் இன்று உங்கள் கைக்கு வராது.

கரண்ட் பில்லைக் காட்டி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். பழையதுக்கு 95 வாட், புதியதுக்கு அடிப்படை 60 என்றாலும் முட்டிக்கொண்டு ஓடும்போது 89 வரை போகும். வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் ஆதாயம்.

கை கடிக்கிறது என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. ஆபீஸ்களில் இருந்து கழிந்து வரும் ஐ5-8400, ஐ5-8500 சிஸ்டங்கள். 6 கோர், பாஸ்மார்க் 9 ஆயிரத்தைச் சுற்றி, விண்டோஸ் 11 ஏறும், 10-பிட் எச்.265 ஓடும். உங்கள் கேமரா 4:2:2 எடுக்காது, நிற விவரம் குறைந்த 4:2:0-தான் என்றால் இதுவே போதும். ஆல்பம் மட்டும் பார்க்கிறவருக்கு என் சிபாரிசு இதுதான், புது ஐ3 கூடத் தேவையில்லை.

பழையது எதுவானாலும் கடையிலேயே சினிபெஞ்ச் ஆர்23-ஐ அதன் வழக்கமான பத்து நிமிஷமும் ஓட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் நாலு கோரும் ஓடும்போது 3.5 கிகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரை வீடுகளில் கிடந்து வந்த மெஷின் என்றால் சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து களிம்பாக அப்பியிருக்கும், அதற்கும் சிப்புக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். மூன்றாவது நிமிஷத்தில் வேகம் சறுக்க ஆரம்பிக்கும். அப்படிச் சறுக்கினால் கிளீன் செய்து புது பேஸ்ட் போட்டுத்தான் தர வேண்டும் என்று கேளுங்கள், நம்ம ஊர்க் கடைக்காரர்கள் கேட்டால் செய்து தருவார்கள். ரேம் ஒற்றைக் குச்சியா, இரண்டா என்றும் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. 8 ஜிபி ஒன்றாக இருப்பதைவிட 4-ம் 4-மாக இருந்தால் இரண்டு சேனலும் வேலை செய்யும், உள்கிராஃபிக்ஸில் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.