பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தித் தண்டப்பணத் துண்டு வாங்கியவர்களுக்கு

திருகோணமலையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தரணி அல்ல. ஆனால் போக்குவரத்து வழக்கு நாட்களில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கதைகள் கணக்கில்லை. கேளுங்கள்.

உப்புவெளித் தம்பி: பஸ் தரிப்பிடத்தில் அம்மாவை இறக்க ஒரு நிமிஷம் நிறுத்தினேன். பொலிஸ் துண்டு எழுதி லைசன்ஸையும் வாங்கிவிட்டது. எங்கே மேன்முறையீடு செய்வது?

தம்பி, மேன்முறையீடு என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். தீர்ப்பு ஒன்று வந்தால்தானே அதற்கு மேல் முறையிட முடியும்? உங்கள் கையில் இருப்பது பொலிஸின் குற்றச்சாட்டு மட்டும். அதற்கு இரண்டே வழி. கட்டி முடிப்பது, அல்லது நீதவான் முன்னால் போய் மறுப்பது. இடையில் மனு வாங்கி விசாரிக்க ஒரு கந்தோர் இல்லை.

கட்டுவதென்றால் 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை எடுக்கலாம். அந்த 14 நாளும் துண்டுதான் உங்கள் தற்காலிக லைசன்ஸ். தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்புத் தொகை. அதற்கும் மேலே போனால் வழக்கு. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு வராது, ஆனால் பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லவும் இடமில்லை. கட்டிவிட்டு வாதாட வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் காசோடு திரும்பவில்லை.

மறுப்பதென்றால் கட்டாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் அதைச் சொல்லி, வழக்குத் தவணை எப்போது என்று கேட்டு எழுதி வையுங்கள். அன்றே போய் இடத்தைப் படமெடுங்கள்: பலகை இருக்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா, வீதியில் கோடு தெரிகிறதா, உங்கள் வண்டி நின்ற இடம் எது. துண்டில் எழுதிய நேரம், இடம், வாகன இலக்கம் சரியா என்றும் பாருங்கள். வண்டி பழுதாகி நின்றிருந்தால் கராஜ் பில்லை எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கதையில் எனக்கு ஒரு சங்கடம். நிறுத்தினேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். கூண்டில் ஏறி ‘ஒரு நிமிஷம்தான் ஐயா’ என்றால் அது ஒப்புதல். அந்த ஒரு நிமிஷத்தில் வந்த பஸ் நடுவீதியில் நின்றிருக்கும், வேறு யாருடைய அம்மாவோ தாரில் இறங்கியிருப்பார். கட்டிவிடுங்கள்.

கிண்ணியா வாசகர்: துண்டு முழுக்கச் சிங்களத்தில் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி வழக்கைத் தள்ளலாமா?

அதை மட்டும் வைத்துத் தள்ளுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனால் வழக்கில் உங்கள் மொழிக்கு உரிமை இருக்கிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழாக உள்ள இடங்களில் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதும் நீதிமன்றத்தின் கடமை. பொலிஸ்காரர் சிங்களத்தில் சொல்ல, சாரதி தமிழில் மறுக்க, நடுவில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் என் சம்பளமே வந்தது. குற்றச்சாட்டு விளங்காமல் தலையாட்டாதீர்கள். விளங்கவில்லை என்று சொன்னால் ஒருவரும் கடிக்கமாட்டார்கள்.

நிலாவெளி ஆசிரியை: நீதிமன்றத்தில் ‘சுற்றவாளி’ என்கிறார்களே, குற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனவர் என்று அர்த்தமா?

டீச்சர், இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே குற்றத்தை மறுப்பவர் ‘சுற்றவாளி’, ஏற்பவர் ‘குற்றவாளி’. சிலர் ‘சுத்தவாளி’ என்று எழுதுவார்கள், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. சுத்தமானவர் சுத்தவாளி. பேச்சில் ‘குற்றம்’ ‘குத்தம்’ ஆகிறதல்லவா? அதே கணக்கில் யாரோ ஒரு எழுதுவினைஞர் ‘சுத்த’வைக் கொச்சை என்று நினைத்துச் ‘சுற்ற’ என்று திருத்தியிருப்பார். இது என் ஊகம்.

பாலையூற்று அண்ணர்: ஊகம் பிழை. குற்றவாளிக்கு எதுகையாக வைத்த சொல் அது. நாற்பது வருஷமாகப் பத்திரிகையில் அப்படித்தான் வருகிறது.

அண்ணே, பத்திரிகையில் வந்ததால் சரியென்றால் என் கலியாண அறிவித்தலில் வந்த பெயரும் சரியாகிவிடும். எதுகை காதுக்கு இதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதுகைக்காகச் சொல் பிறந்தது என்றால் அதற்கு முன் கூண்டில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்?

நிலாவெளி ஆசிரியை மீண்டும்: தமிழ்நாட்டில் ‘குற்றமற்றவர்’ என்பார்களாம். அதுவே நல்லது.

நல்லதுதான். ஆனால் கூண்டில் நடுங்கிக்கொண்டு நிற்பவருக்கு ஒரே சொல் வேண்டும். முக்கியமானது வேறு. ‘குற்றவாளி, ஆனால்…’ என்று தொடங்காதீர்கள். ‘ஆனால்’ வந்ததுமே நீதவான் நிறுத்தி, ஒப்புக்கொள்கிறீரா மறுக்கிறீரா என்று கேட்பார். நான் மொழிபெயர்த்த ‘ஆனால்’களை அடுக்கினால் கன்னியா வரை போகும். மறுப்பதென்றால் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். கதைக்கு விசாரணை நாள் வரும்.

பாலையூற்று அண்ணர்: எதுகைக்கு இன்னும் பதில் வரவில்லை.

வராது, அண்ணே. அடுத்தவர்.

மட்டிக்களித் தம்பி: அங்கேயே கையில் ஏதாவது கொடுத்து முடித்தால் என்ன?

இல்லை. கொடுத்தவரும் குற்றவாளி, அதற்கு ‘ஆனால்’ கிடையாது. யாராவது இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

லண்டனிலிருந்து மருமகன் முறை ஒருவர்: இங்கே பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தியதற்கு வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. கமெராப் படமும் உண்டு. நீங்கள் சொல்வது இங்கே பொருந்துமா?

பொருந்தாது மருமகன். உங்கள் ஊரில் அது குற்ற வழக்கே அல்ல, குடியியல் தண்டம். அங்கே மேன்முறையீடு என்ற சொல் உண்மையிலேயே வேலை செய்யும். வண்டியில் ஒட்டிய துண்டென்றால் 14 நாளுக்குள் கட்டினால் பாதி. உங்களுடையதுபோல் கமெரா பார்த்துத் தபாலில் வந்தால் 21 நாள். மறுப்பதை 28 நாளுக்குள் எழுத்தில் அனுப்புங்கள். நிராகரித்தால் இன்னொரு 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பொறுப்பு ஓட்டியவருக்கு அல்ல, வாகனச் சொந்தக்காரருக்கு. மாற்றுத்திறனாளிகளின் நீல அட்டை பஸ் தரிப்பிடத்தில் செல்லாது.

இன்னொருவர்: ஐந்து நிமிஷம்தான் நின்றேன்…

ஒரு நிமிஷத்துக்குச் சொன்ன பதில்தான், ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பக்கத்திலிருந்து: பஸ் தரிப்பிடத்தில் மான் படுத்துக் கிடக்கிறது, அதற்கு ஏன் துண்டு எழுதுவதில்லை?

வாங்கி வைக்க லைசன்ஸ் இல்லை.

அலஸ்தோட்டத்து ஓட்டோக்காரர்: துண்டு எங்கேயோ வைத்துவிட்டேன், இரண்டு மூன்று கிழமை இருக்கும். எங்கே மேன்முறையீடு…

அண்ணே, முதல் பதிலைப் படியுங்கள். நாட்களை எண்ணுவது துண்டில் உள்ள திகதியிலிருந்து. 14 நாள் கடந்திருந்தால் அந்தத் துண்டை நம்பி ஓட்டோவை எடுக்காதீர்கள், இன்றே பொலிஸ் நிலையத்துக்குப் பஸ்ஸில் போங்கள். அழைப்பாணை வந்து, அதற்கும் போகாமல் விட்டால் பிடியாணைதான் வரும்.