எல்லாவற்றையும் எழுதியும் நிற்கவில்லை, வரைபடம் உதவுமா?

ஆசிரியர் சொல்வதையெல்லாம் எழுதியும் பரீட்சையில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, வரைபடமாகக் குறிப்பெடுக்கலாமா என்று நான்காம் படிவம் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார். எடுக்கலாம் தம்பி. ஆனால் ஆசிரியர் பேசும்போது வரையாதீர்கள். வகுப்பில் காதைக் கொடுங்கள், முக்கியச் சொற்களை மட்டும் கிறுக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, புத்தகத்தைத் திறக்காமல் வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் பாடம் புரியவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் இருந்தபோது என் தங்கைக்கு உயிரியலில் செல் பிரியும் இரண்டு வகைகளான மைட்டோசிஸும் மியோசிஸும் எப்போதும் குழம்பும். பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, தமிழ்ப்பள்ளியில் வரைந்த அதே, இரண்டை ஒப்பிடும் இரட்டிப்புக் குமிழி வரைபடத்தை வரையச் சொன்னேன். நடுவில் பொதுவானது: இரண்டிலும் முதலில் டிஎன்ஏ இரட்டிப்பாகும். மனித உடலில் மைட்டோசிஸ் பக்கம் இரண்டு செல், ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம். மியோசிஸ் பக்கம் நான்கு செல், ஒவ்வொன்றிலும் 23. சரசரவென்று எழுதிவிட்டாள். "ஏன் பாதியாகணும்?" என்று கேட்டதும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "அப்பாகிட்ட 23, அம்மாகிட்ட 23, சேர்ந்தாதானே 46!" என்று அவளே சொல்லி, ஓர் அம்புக்குறி போட்டு அதன்மேல் 'அதனால்' என்று எழுதினாள். அப்புறம் அந்தப் பாடத்தில் அவள் தடுமாறவே இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக் 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்து வரைபடத்திலும் கோட்டின்மேல் இப்படி இணைப்புச் சொல் எழுதுவார்கள். அது இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும்.

படம் போட்டாலே ஏ வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணிதத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். எழுதினால்தான் எனக்கு நிற்கும் என்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், அதற்காகச் சண்டைக்கு வரவேண்டாம்.

மலேசியக் கல்வி அமைச்சின், வரைபடம் வழியாகச் சிந்திக்கப் பழக்கும் ஐ-திங்க் திட்டத்தில் எட்டு வகை வரைபடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கையின் இடைநிலைப்பள்ளியில் அதைத் தொடுவாரில்லை. அந்தப் பள்ளியை நினைத்தாலே வயிறு எரிகிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்துதர வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. அங்கே மாணவர்களும் இருந்தார்கள், ஆசிரியரும் இருந்தார். தமிழ் வகுப்பை மட்டும் பள்ளி முடிந்த பிறகு, பசி நேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பள்ளிப் பேருந்தை விட முடியாத பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் அவர்கள். உங்கள் பள்ளியில் அந்த வகுப்பு இருந்தால், தம்பி, நாளைக்கே பேர் கொடுத்துவிடுங்கள்.