பழங்குடி ஆய்வு முறையும் பண்புசார் ஆய்வும் ஒன்றுதானா?

"இரண்டிலும் உட்கார்ந்து கதைதானே கேட்கிறார்கள், அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பண்புசார் ஆய்வு என்பது எண்களை எண்ணாமல் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வு (qualitative research). பழங்குடி ஆய்வு முறை என்பது பழங்குடிகளைப் பற்றிய ஆய்வு அல்ல, பழங்குடி ஆய்வாளர்கள் தங்கள் மக்களின் நெறிகளை வைத்து உருவாக்கிய முறை.

முனைவர் பட்டத்துக்காகக் கோத்தகிரிப் பக்கம் ஓர் இருளர் ஊரில், தேன் எடுப்பது பற்றி ஒரு பாட்டியிடம் பல நாள் பேசிப் பதிவு செய்தேன். ஆய்வேடு அச்சானதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தி வாசித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பாட்டி, "எல்லாம் நான் சொன்னதுதான். என் பேரு எங்க?" என்றார்.

பெயர் இல்லை. 'தகவலாளி 7' என்று இருந்தது. அடையாளம் வெளியிடப்படாது என்ற ஒப்புதல் படிவத்தில் கைநாட்டும் வாங்கியிருந்தேன். விதிப்படி எல்லாம் சரி. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

பழங்குடி ஆய்வு முறையைப் பற்றி எழுதிய, கனடாவின் கிரீ பழங்குடியைச் சேர்ந்த ஆய்வாளர் ஷான் வில்சன் இங்கேதான் வேறுபடுகிறார். தன்னோடு பேசியவர்களை அவர்கள் சம்மதத்தோடு பெயர் சொல்லியே எழுதினார். பெயரை மறைத்துவிட்டால் அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பது அவர் கேள்வி. பேட்டி, கதை, கூடிப் பேசுதல் எல்லாம் இரண்டு முறைக்கும் பொது. ஆய்வாளர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் வழி பிரிகிறது. பழங்குடி முறையில் அவர் முதலில் தன்னோடு பேசிய மக்களுக்குக் கட்டுப்பட்டவர். நியூசிலாந்தின் மாவோரி ஆய்வாளர்கள் 'கனோஹி கிடேயா' என்பார்கள். நம்மூரில் 'ஒரு நடை போய் முகம் காட்டிட்டு வா' என்கிறோமே, அதேதான். மின்னஞ்சலில் அனுமதி வாங்கினால் போதாது, நேரில் போய் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும்.

இதெல்லாம் வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்களிடம் 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வு என்று ரத்தம் எடுத்தார்கள். அதையே மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கவும் பயன்படுத்தினார்கள். அவர்களோ அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்புகிறவர்கள். அவர்கள் போட்ட வழக்கு 2010-ல் சமரசமாகி, 41 பேருக்கு 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்தமும் கிடைத்தன. அது ஆய்வகச் சமாச்சாரம்தான். ஆனால் என் மடிக்கணினியில் கிடக்கும் ஒலிப்பதிவை நாளைக்கு வேறொரு கட்டுரைக்கு எடுத்தால், நான் மட்டும் யோக்கியமா?

பண்புசார் ஆய்வுக்காரர்களிலும் இந்த உறுத்தல் உள்ளவர்கள் உண்டு. பல இடங்களில் படிவம்தான் இன்னும் மாறவில்லை.

அடுத்து எழுதிய கட்டுரையில் பாட்டியைக் கேட்டுப் பெயர் போட்டேன். இங்கே போடவில்லை, இதற்கு அவரைக் கேட்கவில்லை.