கார் இல்லாதவருக்கும் பார்க்கிங் பில்

கேள்வி: எனக்குக் கார் கிடையாது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். ஆனாலும் பார்க்கிங்குக்கு நான்கு லட்சம் கட்டினால்தான் ஃப்ளாட் என்கிறார் பில்டர். (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: மூடிய இடமா, திறந்தவெளியா என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் பொது இடம்; அதைத் தனியாக விற்க அவருக்கு உரிமை இல்லை. மூடியது என்றால் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திறந்தவெளி பார்க்கிங்குக்கு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு பில்டர் ரசீதும் கொடுத்தார். இப்போது சங்கம் அந்த இடம் எல்லோருக்கும் பொது என்கிறது. (பெரம்பூர்)

பதில்: பாடுபட்டுச் சேர்த்த பணம், வயிறு எரிகிறது. சங்கத்தோடு சண்டை வேண்டாம், அவர்கள் சொல்வது சரி. ஏமாற்றியது பில்டர். 2010இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூட (கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள இடம்) பில்டர் தனியாக விற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ரசீதோடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் பார்க்கிங்கில் காரை நிறுத்தினால் தூண் இடிக்கிறது, கதவு திறக்கவில்லை. வாங்கும்போது பார்க்கவில்லை. (வேளச்சேரி)

பதில்: இத்தனை லட்சம் கொடுப்பவர் டேப் வைத்து அளக்காமல் கையெழுத்துப் போடலாமா? அங்கீகரித்த வரைபடத்தில் உள்ள அளவு தரையில் இல்லை என்றால் மட்டும் புகார் கொடுங்கள்.

கேள்வி: கட்டடத்தில் இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்ற விதியை மெட்ரோ பக்கத்தில் தளர்த்தினால் தெரு முழுக்கக் கார் நிற்காதா? (கே.கே. நகர்)

பதில்: இப்போது நிற்கவில்லையா? கீழே இடம் இருந்தும் தெருவில் நிறுத்துகிறார்கள், தெரு இலவசம் என்பதால். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர் வேண்டும். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஸ்டில்டில் சுமார் 28 சதுர மீட்டர், அதாவது 300 சதுர அடி. ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கிற இடம் அது! பஸ்ஸில் போகிறவரும் வீட்டு விலையில் அதற்குப் பணம் கட்டுகிறார். கார் இல்லாத காலத்தில் நானும் பார்க்கிங்கோடு வீடு வாங்கினேன். அந்தக் காசில் இன்னொரு அறை கிடைத்திருக்கும். ஜப்பானில் 1962லேயே அந்தச் சுமையைக் கார் வாங்குபவர் மேல் வைத்தார்கள்: நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் கார் பதிவாகும். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் கட்டாய பார்க்கிங்கை நீக்கியது. அதே வருடம் மெக்சிகோ சிட்டி, இத்தனைக்குக் குறையக் கூடாது என்ற விதியை இத்தனைக்கு மேல் கூடாது என்று மாற்றியது. இங்கேயும் ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அப்படிச் செய்யலாம். கூடவே தெருவில் நிறுத்தக் கட்டணமும் நடக்க நல்ல நடைபாதையும் வேண்டும். அது இல்லாமல் விதியை மட்டும் தளர்த்தினால் உங்கள் பயம் நியாயம்தான்.

கேள்வி: கார் புக் செய்யப் போகிறேன். நிறுத்த இடமில்லை. தெருவில் விடலாமா? (அம்பத்தூர்)

பதில்: கூடாது. முதலில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடியுங்கள், அப்புறம் கார்.