'ஜெனுவின் லெதர்' பெல்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: 'ஜெனுவின் லெதர்' முத்திரை பார்த்துத்தான் பெல்ட் வாங்கினேன். ஒரே வருடத்தில் ஓட்டைகளைச் சுற்றி மேல்பக்கம் பட்டை பட்டையாக உரிகிறது. ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஏமாற்று என்று அடித்துச் சொல்ல முடியாது. 'இது தோல்தான்' என்பதற்கு மேல் அந்த முத்திரைக்குப் பொருள் இல்லை. தோலின் எந்த அடுக்கு என்று அது சொல்வதில்லை. பெல்ட் உழைப்பதோ உரிவதோ அந்த அடுக்கைப் பொறுத்தது.

மாட்டுத் தோல் கனமானது. இயந்திரத்தில் கொடுத்து அடுக்குகளாகப் பிளப்பார்கள். மயிர் இருந்த பக்கத்தில் இழைகள் நெருங்கிப் பின்னியிருக்கும், சதைப் பக்கம் போகப் போகத் தளரும். மேல் அடுக்கைத் தேய்க்காமல் விட்டால் ஃபுல் கிரெயின். மயிர்க்கால், பூச்சிக்கடித் தழும்பு, பழைய கீறல் எல்லாம் அதில் தெரியும். இதைக் குறை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பல வருடம் உழைப்பது அதுதான். தழும்பு போகத் தேய்த்துப் பூச்சு கொடுத்தது டாப் கிரெயின். கைப்பைக்கு அது தாராளம்.

கீழ் அடுக்கு ஸ்ப்ளிட். சொரசொரப்பாகவே விட்டால் ஸ்வேட், நல்ல பொருள். அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தோல் வரிகளை அச்சுக் குத்தி விற்கும்போதுதான் வம்பு. உங்களுடையது அநேகமாக இதுவாக இருக்கும். இல்லையென்றால் தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் கட்டிய பாண்டட் லெதர்.

கடையில் முதலில் விளிம்பைப் பாருங்கள். வெட்டுவாயில் மேலிருந்து கீழ்வரை இழை இழையாக ஒரே உடம்பாகத் தெரிய வேண்டும். மேலே மெல்லிய கோடாகப் படலமும் அடியில் துணியோ அட்டையோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். விளிம்பில் சாயம் பூசியிருந்தால் பெல்ட் ஓட்டைக்குள் பாருங்கள், அங்கே பெரும்பாலும் பூசியிருக்க மாட்டார்கள். பிறகு மேல்பக்கம் உள்ளே போகும்படி மடக்குங்கள். நல்ல தோலில் பொடிச் சுருக்கங்கள் ஓடும். படலம் ஒட்டியதில் தடித்த மடிப்பு விழும். வாசனையை நம்பவே வேண்டாம், அதைத் தனியாகச் சேர்க்க முடியும்.

ஓரத்தில் தையல் ஓடும் பெல்ட்டில் நடுவே அட்டை வைத்திருக்கலாம். 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒற்றைத் தோல் பட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

உரிந்ததைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. பக்கிள் நன்றாக இருந்து திருகாணியில் மாட்டியதாக இருந்தால், கழற்றிப் புதுப் பட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.