பொன்னுருவியைக் குப்பை என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கர்ண மோட்சம் கூத்து பார்த்துவிட்டு வந்து மகாபாரத மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். கர்ணன் மனைவி பொன்னுருவி அதில் இல்லை. "பூனா பதிப்புதான் அசல், மற்றதெல்லாம் குப்பை" என்கிறார் நண்பர். நான் தமிழ்ச் செய்யுளான வில்லிபாரதத்தில் தொடங்கலாமா, நேரே வியாசரிடமே போய்விடலாமா? தொலைக்காட்சித் தொடர்கள் பார்ப்பது வீணா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடர்கள் பிடித்தால் பாருங்கள். அதை விடுங்கள்.

"குப்பை" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் நண்பர் அந்தப் பதிப்பைக் கையில் எடுத்திருக்கவே மாட்டார். பூனா பண்டார்க்கர் நிறுவனத்தார் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த வேலை அது. மகாபாரதத்தின் பழைய வடிவத்தைத் தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் முடிவைப் பார்க்காமலே 1943இல் போய்விட்டார். இப்படி உழைத்தவர்கள், பின்னால் சேர்ந்தவை என்று கருதிய வரிகளைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. எந்தச் சுவடியில் இருக்கிறது என்ற குறிப்போடு பக்கத்தின் அடியிலும் பின்னிணைப்பிலும் பத்திரமாக அச்சிட்டார்கள். துகிலுரியும்போது திரௌபதி கண்ணனைக் கூவி அழைக்கும் வரிகள் அங்கே அடிக்குறிப்பில்தான் இருக்கின்றன. அவர்கள் குப்பை என்று சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அப்புறம் இந்த "அசல்". வியாசர் நேராக நம்மிடம் பேசும் பாரதம் எங்கே இருக்கிறது? வியாசரின் சீடர் வைசம்பாயனர் மன்னன் ஜனமேஜயனுக்குச் சொன்னதைக் கேட்டு வந்து, நைமிசாரண்யத்தில் உக்கிரசிரவஸ் திரும்பச் சொல்கிறார். அவர் ஒரு சூதர்; தேரோட்டுவதும் கதை சொல்வதும் அந்தக் குலத்தின் தொழில். கர்ணனைச் சூத புத்திரன் என்று சபை சபையாக ஏசுகிற கதையை நமக்குச் சொல்வது ஒரு சூதரின் வாய். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கூத்தில் பொன்னுருவி ஏசுவதும் அதே வசவைத்தானே?

என் தாத்தாவின் காரியத்தன்று இரவு எங்கள் வாசலில் கர்ண மோட்சம் ஆடினார்கள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் தன் பிறப்பைச் சொல்லி முடிக்கும்போது புறப்படும் நேரம் வந்துவிடுகிறது. தாத்தாவும் ஆயாவும் கடைசி சில மாதம் பேசிக்கொள்ளவில்லை. விடிந்ததும், பொன்னுருவி வேஷம் கட்டியவர் திண்ணையில் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கடைசியில அவரு கோவமாப் போனாரா, சமாதானமாப் போனாரா?"

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, "சமாதானமாத்தான் ஆயா போனாரு" என்றார்.

வில்லியிலேயே தொடங்குங்கள். சந்தமே இழுத்துக்கொண்டு போகும். அடுத்த கூத்துக்கு அந்த நண்பரையும் கூட்டிப் போங்கள். விடியும் வரை எழுந்து போகாமல் உட்காரச் சொல்லுங்கள்.