மங்கிய ஓரமுள்ள பழைய படம்: வெள்ளை வளையம் இல்லாமல் பின்னணியை நீக்குவது எப்படி?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். படத்திறப்புக்காக ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டியின் பழைய ஸ்டுடியோ படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம், மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம், காகிதம் பழுப்பேறிவிட்டது. தோளுக்குக் கீழே உருவம் மங்கி மங்கிக் காகிதத்தோடு கரைந்துவிடுகிறது. பின்னணியை எடுத்துவிட்டு அடர்நீலத்தில் 12×18 அங்குலம் கேட்கிறார்கள். தலைமுடியைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிறது. ஃபெதர் (வெட்டிய ஓரத்தை மென்மையாக்கும் அமைப்பு) கூட்டினால் வளையம் இன்னும் அகலமாகிறது. தானாகப் பின்னணி நீக்கித் தரும் இணையக் கருவியில் போட்டால், மார்புக்குக் கீழே கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபெதர் கூட்டினால் வளையம் அகலமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. மெல்லிய ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கலவை: கொஞ்சம் முடி, கொஞ்சம் பின்னால் தொங்கிய திரை. ஃபெதர் அந்தப் பிக்சலை ஒளி ஊடுருவும்படி ஆக்கும். ஆனால் அதற்குள் ஏற்கெனவே கலந்திருக்கும் திரையின் வெளிர்நிறத்தை எடுக்காது.

எண்களில் பார்த்துவிடலாம். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. முடி 40, திரை 200 என்று வையுங்கள். இரண்டும் பாதிப் பாதி கலந்த ஓரப் பிக்சல் 120. புதிய நீலத்தின் வெளிச்சம் 50. சரியாகப் பிரித்திருந்தால் அந்த இடத்தில் 40-இல் பாதியும் 50-இல் பாதியும் சேர்ந்து 45 வர வேண்டும். மாஸ்க்கில், அதாவது வெள்ளை இருக்கும் இடத்தில் படத்தைக் காட்டி, கறுப்பு இருக்கும் இடத்தில் மறைக்கும் திரையில், பாதி ஊடுருவல் மட்டும் கொடுத்தால் 120-இல் பாதியும் 50-இல் பாதியும் சேர்ந்து 85 வருகிறது. ஒரேயடியாக வெட்டினால் 120 அப்படியே நிற்கும். ஒரு பக்கம் 40, மறுபக்கம் 50 இருக்க, நடுவில் 85 நின்றால் கண்ணுக்கு அது வளையமாகத்தான் தெரியும். ஆக, செய்ய வேண்டிய வேலை இரண்டு. எந்த இடத்தில் எவ்வளவு ஊடுருவல் என்பதை மாஸ்க் முடிவுசெய்ய வேண்டும். ஓரத்தில் கலந்த நிறத்தை முடியின் நிறமாகத் திருத்த வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் பல கடைகளில் விட்டுப்போகிறது.

உங்கள் படத்தில் இரண்டு விதமான ஓரங்கள் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். தலையைச் சுற்றி இருப்பது முடியும் ஸ்டுடியோ திரையும் சந்திக்கும் உண்மையான எல்லை. தோளுக்குக் கீழே இருப்பது எல்லையே இல்லை. அந்தக் காலத்தில் இருட்டறையில், நடுவில் ஓட்டை போட்ட அட்டையை, படத்தைப் பெரிதாக்கி ஒளி வீசும் எ‌ன்லார்ஜருக்கும் காகிதத்துக்கும் இடையில் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே ஒளி விழவைப்பார்கள். ஓரத்தில் ஒளி குறைவாக விழுந்ததால் அங்கே காகிதம் வெள்ளையாகவே தங்கிவிட்டது. தானியங்கிக் கருவி ஆள் எங்கே முடிகிறார் என்று கோடு தேடும். இங்கே கோடு கிடையாது என்பதால் ஏதோ ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறது. தலைக்கு ஒரு முறை, கீழ்ப்பகுதிக்கு வேறு முறை என்று பிரித்துச் செய்தால்தான் ஒழுங்காக வரும்.

முதலில் ஸ்கேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. சுருக்கம் கூடும்போது அந்தக் கட்டங்கள் முதலில் தெரிவது இப்படி மெதுவாக மங்கும் இடங்களில்தான். அசல் படத்தை வாங்கி 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். மூன்றரை அங்குல அகலத்துக்கு 2100 பிக்சல் கிடைக்கும். 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் 175 டிபிஐ வரும், சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். நம் கடலோர ஈரத்தில், அதுவும் 2011 தானே புயல் மாதிரி மழையில் நனைந்த வீடுகளில், படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பது உண்டு. அப்படியிருந்தால் பிரித்தெடுக்க முயலாதீர்கள், முகத்தின் தோல் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம் பழுப்புக் கறை. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. அதனால் ஃபோட்டோஷாப்பில், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் சேனல்ஸ் பேனலைத் திறந்து ஒவ்வொரு சேனலாகப் பார்த்தால், நீலச் சேனலில் கறை திட்டுத்திட்டாகத் தெரியும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் மோனோ மிக்ஸரில் சிவப்பு 1, பச்சை 0, நீலம் 0 என்று வைத்தால் அதே பலன். பிறகு நிறமுறையை ஆர்ஜிபி-க்கு மாற்றிவிடுங்கள், பின்னணி நீலம் வேண்டுமே.

இனி தலை. படம் இருக்கும் லேயருக்கு (அடுக்குக்கு) வெள்ளை மாஸ்க் ஒன்று போடுங்கள். படம் முழுவதையும் காப்பி செய்து, ஆல்ட் விசையோடு மாஸ்க்கைக் கிளிக் செய்து திறந்து, அதற்குள் பேஸ்ட் செய்யுங்கள். கன்ட்ரோல் ஐ அழுத்தித் தலைகீழாக்குங்கள். திரை 200 இருந்தது இப்போது 55 ஆகும், முடி 40 இருந்தது 215 ஆகும். கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் லெவல்ஸில் கறுப்பு முனையை 60-க்கும் வெள்ளை முனையை 210-க்கும் நகர்த்துங்கள். திரை முழுக் கறுப்பாகிவிடும், முடி முழு வெள்ளையாகிவிடும், 120 இருந்த ஓரப் பிக்சல் சரியாகப் பாதிச் சாம்பலில் வந்து நிற்கும். அந்தச் சாம்பல்தான் நமக்கு வேண்டியது. முனைகளை இன்னும் நெருக்கினால் மாஸ்க் பளிச்சென்று தெரியும், ஆனால் முடி இழைகள் செத்துப்போகும். உங்கள் படத்தின் எண்கள் வேறாக இருக்கும்; இன்ஃபோ பேனலில் திரையையும் முடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு அதற்கேற்ப வையுங்கள். முகம், கழுத்து, புடவை எல்லாம் மாஸ்க்கில் சாம்பலாக இருக்கும். அவற்றைக் கெட்டி பிரஷ்ஷால் வெள்ளை பூசி நிரப்புங்கள், ஓரத்துக்கு நான்கைந்து பிக்சல் உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னம், தோள் மாதிரி வழுவழுப்பான எல்லைகளுக்குப் பென் டூலில் கோடு வரைந்து ஒரு பிக்சல் ஃபெதர் கொடுப்பதே நல்லது.

மாஸ்க் சரியாகிவிட்டால் ஊடுருவல் சரி. வளையம் மட்டும் இன்னும் இருக்கும், ஏனென்றால் 120 இன்னும் 120-ஆகவே இருக்கிறது. படத்துக்கு மேலே புது லேயர் ஒன்று திறந்து, ஆல்ட், கன்ட்ரோல், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்திக் கிளிப்பிங் மாஸ்க் ஆக்குங்கள். குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, சாம்பிள் என்ற இடத்தில் கரன்ட் அண்ட் பிலோ தேர்ந்தெடுத்து, ஓரத்துக்குப் பத்துப் பிக்சல் உள்ளே இருக்கும் கருமுடியை எடுத்து ஓரத்தின்மேல் பூசிக்கொண்டே வாருங்கள். பிரஷ் வெளியே வழிந்தாலும் கவலையில்லை, கீழே இருக்கும் மாஸ்க் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான் தெரியும். பூசப் பூச வளையம் அணைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். காதோரம் பறக்கும் ஒற்றை இழைகூட, நிறம் திருந்தியதும் நீலத்தின்மேல் இழையாகவே நிற்கும்.

இதையே மென்பொருள் செய்யும் வழிகளும் உண்டு. செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷால் முடியோரத்தைத் தேய்த்து, அவுட்புட் பகுதியில் டீகன்டாமினேட் கலர்ஸை டிக் செய்தால் நடப்பது இதுதான். கலர்ப் படங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று எடுத்த கல்யாணப் படங்களில் முடியோரம் மஞ்சளாகத் தெரியுமே, அதற்கு முதலில் இதை முயன்று பாருங்கள். லேயர் மெனுவில் மேட்டிங் என்பதற்குள் இருக்கும் ரிமூவ் ஒயிட் மேட், பின்னணி தூய வெள்ளையாக, 255 ஆக, இருந்தால் மட்டுமே பயன்படும். பழுப்பிலும் சாம்பலிலும் அது ஏமாற்றும்.

கிம்ப்பில் உள்ள கலர் டு ஆல்ஃபா கலவையைக் கணக்குப் போட்டே பிரிக்கும் நல்ல கருவி. ஆனால் அதற்கு முகம் எது, காகிதம் எது என்று தெரியாது. வெள்ளையை நீக்கச் சொன்னால் நெற்றி, கண்வெள்ளை, பல், மூக்குத்தியின் ஒளி எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்து பின்னால் இருக்கும் நீலம் தெரியும். பயன்படுத்துவதானால் லேயரை இரண்டாக்கி, கீழே உள்ளதில் கலர் டு ஆல்ஃபா செய்து, மேலே உள்ள அசலில் ஓரம் தவிர்த்த உட்பகுதியை மட்டும் மாஸ்க்கில் காட்டுங்கள்.

கீழ்ப்பகுதிக்கு வருவோம். வெளிர்நிறப் புடவை வெள்ளைக் காகிதத்தில் கரைகிறது. உருவமும் பின்னணியும் ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் எந்தக் கணக்காலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பழைய மங்கலைக் காப்பாற்றப் போராடாமல், அதற்கு உள்ளே நீங்களே புது மங்கல் போடுங்கள். வெள்ளை அதிகம் ஏறுவதற்கு முன்பே உங்கள் மாஸ்க் முழுக் கறுப்பாகிவிட வேண்டும், இதுதான் விதி. புடவையின் இயல்பான நிறம் 150 என்றால், கீழே போகப் போக 165, 180, 210 என்று ஏறும். 180-க்குள் உங்கள் மங்கல் முடிந்துவிடட்டும். 500 பிக்சல் அளவு மெல்லிய பிரஷ், ஃப்ளோ 15 முதல் 20 சதவீதம், கறுப்பு நிறம். நீள்வட்டமாகப் பலமுறை ஓட்டுங்கள். மங்கும் பட்டை 300 பிக்சலாவது அகலமாக இருக்கட்டும். அசலில் அது அரை அங்குலம். உருவம் ரொம்பக் குறைந்துவிடும் என்று தோன்றினால், முதலில் ஒரு கர்வ்ஸ் லேயரை மல்டிப்ளை முறையில் (கீழே உள்ளதை அடர்த்தியாக்கும் முறை) வைத்து, அதன் மாஸ்க்கில் கீழிருந்து மேலாகக் கிரேடியன்ட் கொடுங்கள். வெளிறிய புடவைக்குக் கொஞ்சம் அடர்த்தி திரும்பும், மங்கலை இன்னும் கீழே தள்ளலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அடர்நீலத்துக்குப் பதில் சந்தனமோ வெளிர்நீலமோ ஒப்புக்கொண்டால், லேயரை மல்டிப்ளைக்கு மாற்றினாலே காகிதத்தின் வெள்ளை மறைந்து, பழைய ஸ்டுடியோக்காரர் போட்ட மங்கல் சிதையாமல் புது நிறத்தில் அமர்ந்துவிடும். முகத்துக்கு மட்டும் மேலே ஒரு அசல் நகல் வைத்து மாஸ்க் செய்தால் தோல்நிறம் கறுக்காது. இப்படிப்பட்ட படத்துக்கு மிக அழகாக வருவது இதுதான். அடர்நீலம்தான் வேண்டும் என்றால், தலைக்குப் பின்னால் நீலத்தையே கொஞ்சம் வெளுக்கவிட்டு வட்டமாக ஒளி கொடுங்கள். முடியோரத்தில் மிச்சமிருக்கும் சிறு பிசிறும் அதில் அடங்கிவிடும்.

பழைய படத்தில் மணல்மணலாகக் கிரெய்ன் இருக்கும், கம்ப்யூட்டரில் போட்ட நீலம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒட்டுவேலை தெரிந்துவிடும். பின்னணி லேயருக்கு ஆட் நாய்ஸில் காசியன், மோனோகுரோமாட்டிக், 2 முதல் 3 சதவீதம் கொடுங்கள். மங்கும் பட்டையில் படிக்கட்டு மாதிரிக் கோடுகள் விழுவதையும் இதுவே தடுக்கும்.

முடித்ததும் நீலத்தை அணைத்துவிட்டு, கீழே ஒருமுறை சுத்தக் கறுப்பு, ஒருமுறை அடர்சிவப்பு வைத்து 100 சதவீதத்தில் ஓரம் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். நீலத்தில் ஒளிந்திருந்த திட்டுகள் அப்போது வெளியே வரும். தனி உருவமாகச் சேமிப்பதானால் பிஎன்ஜி. ஜேபெக்கில் ஊடுருவலே கிடையாது, ஜிஃப்பில் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான். அச்சுக்கு அனுப்புவது எல்லா லேயரும் ஒன்றாக்கிய டிஃப்பாக இருக்கட்டும். லேயர் உள்ள பிஎஸ்டி-யை அழிக்காதீர்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே குடும்பம் அதே படத்தோடு வரும், பின்னணி மட்டும் வேறு கேட்பார்கள்.